கேபிளா, டிஷ்ஷா? டி.வி. கட்டணத்தைச் சரியாகக் கணக்கிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கேபிள் 200 ரூபாய்தான், டிஷ் போட்டால் 300 ஆகும்" என்று ஒருவர் சொல்வார். "ரீசார்ஜ் செய்யாத மாதம் செலவே இல்லை, டிஷ்தான் மலிவு" என்பார் இன்னொருவர். இரண்டும் அவரவர் வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பக்கம். கணக்குகளெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துப் போட்டவை. சேனல் விலைகள் அவ்வப்போது மாறும் என்பதால், எடுத்துக்காட்டில் உள்ள தொகைகளுக்குப் பதில் உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், பில்லில் என்னென்ன இருக்கும்?

மூன்றே சங்கதிகள்தான். ஒன்று, வலையமைப்புக் கட்டணம், பில்லில் என்.சி.எஃப். என்று இருக்கும். சேனல்களை உங்கள் வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி இது. இலவச சேனல்களை மட்டும் பார்த்தாலும் இதைக் கட்டியாக வேண்டும். இரண்டாவது, கட்டண சேனல்களின் விலை, தனித்தனியாகவோ தொகுப்பாகவோ. மூன்றாவது, இவ்விரண்டையும் கூட்டி அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, 100 சேனல்களுக்கு என்.சி.எஃப். அதிகபட்சம் 130 ரூபாய் என்று இருந்தது. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள், அதற்கு மேல் போனால் 160 ரூபாய் என்று மாற்றினார்கள். 130 ரூபாயோடு வரி 23.40 சேர்ந்தால் 153.40. பழைய பில்களில் 153 அல்லது 154 என்று பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான்.

2024 ஜூலையில் டிராய் இந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. இப்போது என்.சி.எஃப். எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம். ஊருக்கு ஊர், வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறுபடுத்தவும் செய்யலாம். அதனால் "சட்டப்படி 130தான்" என்று இன்று வாதாட முடியாது. ஆனால் எவ்வளவு வாங்குகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு.

ஒரே சேனல் கேபிளில் ஒரு விலை, டிஷ்ஷில் ஒரு விலை இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. ஒரு கட்டண சேனலின் உச்ச விலையை அந்த சேனலை நடத்தும் நிறுவனமே அறிவிக்கிறது. கேபிளானாலும் டி.டி.எச். என்கிற டிஷ் ஆனாலும் அதற்கு மேல் வாங்கக் கூடாது, குறைத்துக் கொடுக்கலாம். எனவே "டிஷ்ஷில் சேனல் விலை அதிகம்" என்று சொல்வதில் பொருளில்லை. வேறுபாடெல்லாம் சேனலைச் சுற்றியுள்ள செலவில்தான்: என்.சி.எஃப்., பாக்ஸ், பொருத்துகூலி, பழுதுபார்க்க வரும் ஆளுக்கான கட்டணம், இரண்டாவது டி.வி., ஊரில் இல்லாத நாட்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 19 ரூபாய் சேனல்கள் நான்கு எடுக்கிறீர்கள் என்றால் 76 ரூபாய். என்.சி.எஃப். 130 என்று வைத்தால் மொத்தம் 206. வரி 37.08. ஆக, 243.08 ரூபாய். கேபிளோ டிஷ்ஷோ, இதே நான்கு சேனல், இதே என்.சி.எஃப். என்றால் இதே தொகைதான் வர வேண்டும். உங்கள் கேபிள்காரர் "மாதம் 270" என்று மொத்தமாக வாங்கினால், அந்த 27 ரூபாய் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தொகுப்பு லாபமா, தனித்தனியாக எடுப்பது லாபமா?

"பேக் எல்லாம் ஏமாற்று, தனித்தனியாக எடு" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது எப்போதும் சரியில்லை. கணக்கைப் பாருங்கள்.

ஒரு தொகுப்பில் எட்டு சேனல்கள். விலைகள் 19, 19, 6, 6, 4, 3, 2, 1. கூட்டினால் 60 ரூபாய். தொகுப்பாகத் தரும்போது நிறுவனம் அதிகபட்சம் 45 சதவீதம் தள்ளுபடி தரலாம் என்பது இப்போதைய விதி. முழுத் தள்ளுபடியும் கொடுத்தால் 33 ரூபாய். இதில் அந்த இரண்டு 19 ரூபாய் சேனல்கள் மட்டும்தான் உங்களுக்கு வேண்டும் என்றாலும், தனியாக எடுத்தால் 38. தொகுப்பே மலிவு! அதே சமயம், ஒரு 19, ஒரு 6 போதும் என்றால் 25. அங்கே தனியாக எடுப்பதுதான் லாபம்.

இதிலிருந்து ஒரு எளிய வழி: உங்களுக்கு உண்மையாகவே வேண்டிய சேனல்களின் தனி விலையைக் கூட்டுங்கள். அது தொகுப்பின் விலையைத் தாண்டினால் தொகுப்பு; தாண்டாவிட்டால் தனி. ஒரே நிறுவனத்தின் இரண்டு பெரிய சேனல்களை வீட்டில் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொகுப்புதான் வெல்லும்.

19 ரூபாய் என்ற எண் அடிக்கடி வருவதற்கும் காரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி முதல், தனி விலை 19 ரூபாய் வரை உள்ள சேனலை மட்டுமே தொகுப்பில் சேர்க்கலாம். அதற்கு மேல் விலை வைத்தால் தனியாகத்தான் விற்க வேண்டும். அதனால் மக்கள் அதிகம் பார்க்கும் சேனல்கள் பலவும் சரியாக 19இல் வந்து நிற்கின்றன.

இன்னொன்று. செய்தி மட்டும் பார்ப்பவர்கள் கட்டணத் தொகுப்பே எடுக்காமல் ஓட்டலாம். புதிய தலைமுறை, பாலிமர் நியூஸ் போலப் பல தமிழ்ச் செய்தி சேனல்கள் இலவச சேனல்கள்தான், என்.சி.எஃப். கட்டினாலே வந்துவிடும். இது தெரியாமல், செய்தி பார்க்கும் தாத்தா பாட்டிக்கென்று 300 ரூபாய் பேக் போட்டு வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

எச்.டி. வேண்டுமா?

32 அங்குல டி.வி.யை எட்டு, பத்து அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில், சீரியலுக்கும் செய்திக்கும் சாதா எஸ்.டி. போதும். 43 அங்குலத்துக்கு மேல், அதிலும் கிரிக்கெட் பார்ப்பவர்கள் என்றால் எச்.டி.யின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எல்லா சேனலையும் எச்.டி.யில் எடுக்காமல், ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். ஒரே சேனல் எஸ்.டி., எச்.டி. என இரண்டு வடிவிலும் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள்; எஸ்.டி.யை நீக்கிவிடலாம். பாக்ஸும் எச்.டி. பாக்ஸாக இருக்க வேண்டும், பழைய எஸ்.டி. பாக்ஸில் எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டினால் படம் வராது.

மூன்று ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

மாதத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு பாக்ஸ் மூன்று ஆண்டாவது உழைக்கும் என்று வைத்து 36 மாதத்துக்குக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். மேலே சொன்ன அதே நான்கு சேனல் வீட்டையே எடுத்துக்கொள்வோம், ஒரே டி.வி.

கேபிள்: 243.08 ரூபாய் வீதம் 36 மாதத்துக்கு சுமார் 8,751. பாக்ஸும் இணைப்பும் சேர்த்து 1,000 என்று வையுங்கள். மொத்தம் 9,751.

டிஷ்: அதே 8,751. பாக்ஸ், டிஷ், பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 1,600. மூன்று ஆண்டில் இரண்டு முறை ஆள் வந்து பார்க்க வேண்டியிருந்தால், தடவைக்கு 250 வீதம் 500. மொத்தம் 10,851.

வித்தியாசம் 1,100 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 30 ரூபாய். அவ்வளவுதான்! கேபிள்காரர் மாதம் 27 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார் என்றால் மூன்று ஆண்டில் 972 ஆகிவிடும். கேபிளின் லாபம் பெரும்பாலும் அதோடு கரைந்துபோகும். வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மாதம் ஆளில்லை, டிஷ் ரீசார்ஜை நிறுத்தி வைத்தீர்கள் என்றால் மூன்று ஆண்டில் ஆறு மாதக் கட்டணம், சுமார் 1,458 ரூபாய், மிச்சம். அப்போது டிஷ் மலிவாகிவிடுகிறது.

ஆக, ஒரே டி.வி. உள்ள வீட்டில் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் இல்லை. மின்வெட்டு, மழை, வீட்டின் திசை, பழுது வந்தால் யார் சீக்கிரம் வருவார்கள் என்பவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது டி.வி.க்கு?

இங்கேதான் தொகை உண்மையாகப் பிரிகிறது. 2020 விதிப்படி, ஒரே வீட்டில் இரண்டாவது இணைப்புக்கு என்.சி.எஃப்.பில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. 130இல் 40 சதவீதம் 52 ரூபாய். 2024க்குப் பிறகு இந்த உச்சவரம்பும் இல்லை. ஆனாலும் இரண்டாம் டி.வி.க்குச் சலுகை கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. "இரண்டாவது இணைப்புக்கு என்.சி.எஃப். எவ்வளவு?" என்று இணைப்பு வாங்கும் முன்பே கேளுங்கள்.

கணக்கு இது: சலுகை என்.சி.எஃப். 52, அதே நான்கு சேனல் 76, மொத்தம் 128, வரியோடு 151.04. இரண்டாவது பாக்ஸையும் தனி இணைப்பாக எழுதி முழு 130 வாங்கினால் 243.08. மாதம் 92 ரூபாய் வித்தியாசம். மூன்று ஆண்டில் 3,300 ரூபாய்க்கு மேல்.

கட்டண சேனலுக்கு ஒவ்வொரு டி.வி.க்கும் தனித்தனியாகத்தான் காசு. ஆனால் இரண்டு டி.வி.யிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறையில் உள்ள டி.வி.யில் இலவச சேனல் மட்டும் போதும் என்றால் 52 ரூபாயும் வரியும் சேர்த்து 61.36லேயே முடிந்துவிடும்.

ஒரு வயரைப் பிரித்து இரண்டு டி.வி.க்கும் கொடுக்க முடியாதா?

கேபிளில் வயரைப் பிரிக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனி பாக்ஸ் வேண்டும். ஒரு பாக்ஸின் வெளியீட்டைப் பிரித்தால் இரண்டு டி.வி.யிலும் ஒரே சேனல்தான் ஓடும். வயரைப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் சிக்னலில் 3.5 முதல் 4 டெசிபல் வரை தின்னும். ஏற்கெனவே பலவீனமான லைனில் அதைப் போட்டால், சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். மற்றவை நன்றாக வரும். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ஸ்ப்ளிட்டரைக் கழற்றி வயரை நேரடியாகப் பாக்ஸில் செருகிப் பாருங்கள். படம் சரியானால் குறை பாக்ஸில் இல்லை.

டிஷ்ஷில் இந்தச் சாதா ஸ்ப்ளிட்டர் வேலை செய்யாது. டிஷ்ஷின் முனையில் இருந்து அலைகளை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவிக்குப் பாக்ஸ் அதே வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. 13 என்றால் செங்குத்து அலைகளையும், 18 என்றால் கிடைமட்ட அலைகளையும் எடுக்கும். ஒரு பாக்ஸ் 13 கேட்க, இன்னொன்று 18 கேட்டால் ஒரு டி.வி.யில் படம் போய்விடும். அதனால் இரண்டாவது டி.வி.க்கு இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி.யும், மாடியிலிருந்து தனியாக இன்னொரு வயரும் வேண்டும். இந்தச் செலவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். "இரண்டாம் டி.வி. இலவச இணைப்பு" என்ற விளம்பரத்தில் வயர் கணக்கு பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

எங்கள் வீடு அடுக்குமாடி. டிஷ் வைக்க முடியுமா?

பால்கனி எந்தத் திசை என்று பாருங்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தெற்கே. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில். சென்னையிலிருந்து பார்க்கும்போது:

83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது (டாடா பிளே) கிட்டத்தட்ட நேர் தெற்கு. தரையிலிருந்து 74 டிகிரி உயரம், அதாவது ஏறக்குறைய தலைக்கு மேலே.

93.5 டிகிரியில் உள்ளது (டி.டி. ஃப்ரீ டிஷ்) தென்கிழக்கு, உயரம் 68 டிகிரி.

108.2 டிகிரியில் உள்ளது (ஏர்டெல்) கிழக்கிலிருந்து சற்றே தெற்காக, உயரம் 54 டிகிரி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 74 டிகிரி உயரம் என்றால், பால்கனிக்கு மேலே உள்ள அடுத்த தளத்தின் தரையே வானத்தை மறைத்துவிடும். கிழக்கு பார்த்த பால்கனி உள்ளவருக்கு 108.2 வசதி, உயரமும் குறைவு. மேற்கு, வடக்கு பார்த்த பால்கனி மட்டும் இருந்தால் மொட்டைமாடிதான் வழி. அங்கே டிஷ் வைக்கக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டுமா, மாடியிலிருந்து உங்கள் வீடுவரை வயர் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். ஆர்.ஜி.6 எனப்படும் டிஷ் வயரில் 30 மீட்டருக்கு மேல் போனால் டிஷ் சிக்னல் கணிசமாக இளைத்துவிடும். தரைத்தளத்துக்காரர்களுக்கு ஆறாவது மாடியின் மேல் டிஷ் வைப்பதைவிடக் கேபிளே சுலபம்.

மழை வந்தால் டிஷ் நின்றுவிடுமே?

நிற்கும், ஆனால் எவ்வளவு நேரம் என்பது டிஷ் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டி.டி.எச். அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழையின் துளிகள் இந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள் நிலையங்கள் பெரும்பாலும் 7.5 சென்டிமீட்டர் அலைகளைப் பெரிய டிஷ்ஷில் வாங்குகின்றன. அதனால் மழை அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

சரியாகத் திருப்பிய டிஷ்ஷில், ஐப்பசி மழையில்கூடக் கொட்டித் தீர்க்கும் பத்து, இருபது நிமிடம்தான் படம் போகும். சாதாரணத் தூறலுக்கே போகிறதென்றால் குறை மழையில் இல்லை. டிஷ் சற்று விலகியிருக்கும்; அல்லது எல்.என்.பி.யில் வயர் சேரும் இடத்தில் துரு.

அந்த இடத்தை ஒரு முறை அருகில் போய்ப் பாருங்கள். வயரின் முனையில் திருகும் சிறிய உலோக மூடி, எஃப் கனெக்டர். அதைக் கழற்றினால் நடுவில் குண்டூசி அளவுக்குச் செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது பளபளவென்று இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். பாக்ஸை அணைத்துவிட்டு, முனையில் ஓர் அங்குலத்தை வெட்டியெறிந்து, புது கனெக்டர் மாட்டி, மேலே ரப்பர் மூடியோ தண்ணீர் புகாத டேப்போ சுற்றினால் தீர்ந்தது. வயரைக் கனெக்டருக்குக் கீழே தொங்கலாக ஒரு வளையம் விட்டுக் கட்டினால் மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இருபது ரூபாய் சமாச்சாரம். இதைத் தெரிந்துகொண்டால் ஆள் வரும் கட்டணம் ஒன்று மிச்சம். ஓட்டுச் சரிவிலோ கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலோ டிஷ் இருந்தால் நீங்கள் ஏறாதீர்கள். அதற்கு ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கும் 250 ரூபாய் நல்ல செலவுதான்.

மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் மட்டும் படம் போய்த் தானாகவே வரும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் ஆவது அது. யாரையும் கூப்பிட வேண்டாம்.

மின்வெட்டில் எது ஓடும்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிஷ் ஓடும். கேபிள் ஓடுவது சந்தேகம். கேபிள் சிக்னல் உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் தெருக்கோடியில் சிக்னலைப் பிரித்துத் தரும் ஒரு நோடும், அதற்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். அங்கே பேட்டரி இல்லையென்றால் உங்கள் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. புயலில் இது இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, அவற்றில் கட்டியிருந்த கேபிள் வயர்களும் கூடவே போயின.

மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அடிக்கடி தெருவைத் தோண்டும் பகுதிகளில் கேபிள் அறுபடுவதும் வாடிக்கை. மறுபக்கம், அறுந்த வயரை ஒட்ட உள்ளூர்க் கேபிள்காரர் அன்று மாலையே வந்துவிடுவார். அதற்குத் தனியாகக் காசு கேட்பதும் அரிது. டி.டி.எச்.சில் செயலியில் புகார் பதிந்து காத்திருக்க வேண்டும். இந்த அருகாமைக்கும் ஒரு மதிப்பு உண்டு. தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு அது மாதம் 30 ரூபாயைவிடப் பெரிது.

பாக்ஸ் எந்நேரமும் ஓடினால் கரண்ட் பில் ஏறுமா?

12 வாட் இழுக்கும் பாக்ஸ் நாள் முழுக்க ஓடினால் மாதம் 8.6 யூனிட், இரண்டு மாத ரீடிங்கில் 17 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே நிற்கும் வீட்டுக்குக் கவலையில்லை. ஒரு கட்டண அடுக்கின் விளிம்பில் இருப்பவர்களை அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடும். ரிமோட்டில் அணைப்பது பெரும்பாலான பாக்ஸ்களில் தூங்க வைப்பதுதான். படுக்கப் போகும்போது சுவிட்ச்சை அணையுங்கள். நாட்கணக்கில் அணைத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடும்போது கட்டண சேனல்கள் வராவிட்டால் பயப்பட வேண்டாம். பாக்ஸின் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். சேனல் திறந்த நிலையில் பாக்ஸை ஓடவிட்டு, செயலியிலோ தொலைபேசியிலோ "ரெஃப்ரெஷ்" கொடுத்துச் சிறிது நேரம் காத்திருங்கள்.

ஆண்டு ரீசார்ஜ் லாபமா?

11 மாதக் காசுக்கு 12 மாதம் என்றால் 8.3 சதவீதத் தள்ளுபடி. நல்லதுதான். ஆனால் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போய்விடுகிற வீட்டுக்கு அதில் லாபமே இல்லை. மாதாமாதம் கட்டி அந்த ஒரு மாதத்தை விட்டாலே அதே மிச்சம் வந்துவிடும். வீடு மாறும் யோசனை, பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆண்டு, இணையத்துக்கு மாறும் எண்ணம் இருப்பவர்கள் ஆண்டு முழுவதற்கும் கட்டிவிட வேண்டாம்.

கேபிளில் ஊரில் இல்லாத மாதத்துக்குக் கட்டாமல் இருக்க முடியுமா என்றால், முடியும். தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லி முன்கூட்டியே தெரிவியுங்கள். வாய்வார்த்தையாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். மீண்டும் இணைக்க ஒரு சிறு கட்டணம் கேட்கலாம். எவ்வளவு என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அரசு கேபிள்?

தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டு, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மறுபடி இயங்கத் தொடங்கியது. 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்ததும் இலவசமாக செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் மாதக் கட்டணம் 220இலிருந்து 130 ரூபாயும் வரியுமாகக் குறைந்தது. பாக்ஸ் இலவசமாகக் கிடைத்தால் தொடக்கச் செலவில் இதை யாரும் வெல்ல முடியாது, ஒரு டி.வி., தமிழ் சேனல் மட்டும் என்ற வீட்டுக்கு இது நல்ல தேர்வு. அந்தப் பாக்ஸ் நிறுவனத்தின் சொத்து; இணைப்பை விடும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

அடிப்படைத் தொகையில் எந்தெந்த சேனல்கள் அடக்கம் என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு சேனல் அதில் இல்லாமல், அதற்கென்று மேலே ஒரு தொகுப்பு எடுக்க வேண்டியிருந்தால் கணக்கு மாறிவிடும். 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் லட்சக்கணக்கான அரசு கேபிள் பாக்ஸ்கள் சில நாட்கள் செயலிழந்து நின்றதும் நடந்தது.

மாதக் கட்டணமே இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பாக்ஸும் சேர்த்து ஒரு முறை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய், அதோடு சரி. டி.டி. தமிழ் வரும், 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான் அது. ஆனால் சன் டி.வி., விஜய் டி.வி. வராது, இந்தி சேனல்களே அதிகம். ஆண்டில் பத்து நாள் போய்த் தங்கும் கிராமத்து வீடு, தோட்டத்து வீடு, காவலாளி அறை இவற்றுக்குப் பொருத்தம். வாங்கினால் எம்பெக்-4 என்ற புதிய வகைப் பாக்ஸாக வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சேனல்களின் ஒரு பகுதி வரவே வராது.

வேறு நிறுவனத்துக்கு மாறினால் பழைய பாக்ஸ் உதவுமா?

உதவாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்டைத் தன் பாக்ஸுக்குள் வைத்திருக்கிறது. சிம் மாற்றுவதுபோல மாற்றலாம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. நடைமுறையில் மக்களுக்குக் கிடைக்கவில்லை. மாறுவது என்றால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை மறுபடி செலவு. மாதம் 40 ரூபாய் மிச்சம் என்று மாறினால், 1,600 ரூபாயை மீட்கவே 40 மாதம் ஆகும். மாறும் முன் இப்போதுள்ள நிறுவனத்திடமே சேனல் பட்டியலைக் குறைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதிலேயே 60, 70 ரூபாய் இறங்கிவிடும்.

டிஷ் வட்டும் ஆர்.ஜி.6 வயரும் பொதுவாகப் பழையதே உதவும். திசையை மட்டும் மாற்ற வேண்டும். புதிதாகப் பொருத்த வருபவர் வயருக்கும் சேர்த்துக் காசு கேட்டால், இருப்பதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஆனால் பத்து ஆண்டு வெயிலில் கிடந்து மேலுறை வெடித்த வயரென்றால் மாற்றிவிடுவதே நல்லது.

இரண்டையும் விட்டுவிட்டு இணையத்தில் பார்த்தால்?

ஏற்கெனவே வரம்பில்லாத பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கு யோசிக்கத் தக்கதுதான். 5 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஓடும் எச்.டி. படம் மணிக்கு 2.25 ஜி.பி. தின்னும். நாளுக்கு ஐந்து மணி நேரம் டி.வி. ஓடும் வீட்டில் மாதம் 337 ஜி.பி.; மொபைல் டேட்டாவில் இது கட்டுப்படியாகாது. டி.வி.க்கென்றே புதிதாக பிராட்பேண்ட் போட்டால் கேபிளைவிடச் செலவு கூடும்.

கூடுதலாக வாங்குகிறார்கள், படமும் வருவதில்லை. யாரிடம் சொல்வது?

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண். அந்த எண்ணும் பிற விவரங்களும் 999ஆம் சேனலில் இருக்க வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். எண் இல்லாத புகார் பதிவாகாத புகார். தொழில்நுட்பக் கோளாறால் தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் படம் வராவிட்டால் அந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழிக்க வேண்டும் என்பது டிராயின் சேவைத்தர விதி. கேட்டால்தான் கழிப்பார்கள்.

அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரி. அவருடைய விவரம் இணையதளத்தில் இருக்கும். டிராய்க்கு எழுதினால் தீர்ந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விஷயத்துக்கு அங்கே மனுக்கட்டணம் இல்லை.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீது. கேபிள்காரர் கையில் பணம் வாங்கிக்கொண்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால், "பாக்ஸ் எண்ணோடு பில் கொடுங்க அண்ணே" என்று கேட்டு வாங்குங்கள், அல்லது யு.பி.ஐ.யில் கட்டி, குறிப்பில் மாதத்தையும் பாக்ஸ் எண்ணையும் எழுதுங்கள். பாக்ஸ் எண் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிட்டையில் இருக்கும். நாளடைவில் அழிந்துவிடும் என்பதால் இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.